நான்காம் அத்தியாயம்: தீர்ப்புக்கு முன் ஷரத்து

கோலக்நாத் வழக்கையும் கேசவானந்த பாரதி வழக்கையும் பக்கம் பக்கமாகக் கற்றுத் தேறிய ஓர் இந்திய சட்ட மாணவர், பிரான்ஸ் தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில் முதலாண்டு மாணவர்களோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து அந்நாட்டு அரசியல் சாசனத்தைப் பயில நேரும்போது, தாம் முன்னமே பெற்றிருக்கும் பயிற்சி தம்மைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்புவது இயற்கையே. ஆனால் அந்த நம்பிக்கையே அவருக்கு முதல் இடையூறாக வந்து நிற்கிறது. நான் அங்கே எழுதிய முதற் கட்டுரையில் தீர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, நீதிபதிகளின் அபிப்பிராயங்களை ஒப்பிட்டு, எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது 20க்கு 6 மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியர் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "ஷரத்து எங்கே?" அந்தக் கேள்விக்கு விடை தேடிக் கற்றவற்றையே இந்த அத்தியாயத்தில் கிரமமாகச் சொல்லுகிறேன்.

உங்களுக்குப் பிரெஞ்சு மொழியில் நடுத்தரமான வாசிப்புத் திறன் உண்டு என்றும், இங்கிலீஷ் சட்ட மரபில் ஓரிரு ஆண்டுகளாவது பயின்றிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தத்துவம் இவ்வளவே போதும்

நம் மரபில் அரசியல் சாசனத்தின் பொருளை முடிவாகச் சொல்லுகிறவர் நீதிபதி. பிரான்ஸில் மிக நீண்ட காலம் அப்படி இல்லை. புரட்சிக்கு முந்திய மன்னராட்சியில் நியாயஸ்தலங்கள் சீர்திருத்தங்களைத் தடுத்து நின்ற கசப்பு காரணமாக, 1790 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, சட்டசபையின் வேலையில் நீதிபதிகள் தலையிடவே கூடாது என்று விலக்கி வைத்தது; அதற்கு முந்திய ஆண்டில் பிறந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 6ஆவது ஷரத்தோ, சட்டம் என்பது பொதுச் சித்தத்தின் வெளிப்பாடு என்று கூறியிருந்தது. பொதுச் சித்தத்தை ஒரு நீதிபதி எப்படித் தள்ளிவிட முடியும்? இந்த ஒரு கேள்வியின் நிழல் 1958 வரையில், ஒரு விதத்தில் 2010 வரையிலும்கூட, அந்நாட்டின் அரசியல் சாசனத்தின்மேல் படிந்திருந்தது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் நீங்கள் விசித்திரமென்று நினைக்கப்போகும் பலவும் விசித்திரமாகத் தோன்றா.

தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

1. 1958 அக்டோபர் 4ஆம் தேதிய அரசியல் சாசனத்தின் பிரெஞ்சு மூலம். அரசாங்கத்தின் லெஜிஃப்ரான்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2024 மார்ச் 8ஆம் தேதிய திருத்தத்தை உள்ளடக்கிய பிரதிதானா என்று பார்த்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

2. 1789ஆம் ஆண்டுப் பிரகடனம், 1946ஆம் ஆண்டுச் சாசனத்தின் பீடிகை, 2004ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சாசனப் பத்திரம் ஆகிய மூன்று சிறு ஏடுகள். இவற்றை ஏன் உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சிறிது தூரம் சென்றதும் விளங்கும்.

3. பாடநூல் ஒன்றே ஒன்று. பலவற்றை ஒருங்கே திறந்து வைத்துக்கொள்வது வீண் களைப்பு. ஃபவொரேயும் அவரது சகாக்களும் எழுதிய நூலோ, ஹமோன், த்ரொப்பேர் இருவரும் எழுதிய நூலோ போதும். இங்கிலீஷில் ஒரு துணை வேண்டுமென்றால் ஜான் பெல் 1992இல் எழுதியது தெளிவானது. ஆனால் அது 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்தியது என்பதை மறந்துவிடாமல் வாசிக்க வேண்டும்.

4. கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: ஷரத்து, தேதி, அரசியல் வழக்கம், தீர்ப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தீர்ப்பு கடைசியில்தான் வர வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: மூலத்தை வாசித்தல்

இந்த இரண்டு வாரமும் பாடநூலைத் திறக்க வேண்டாம் என்று நான் சொல்லும்போது புதிய மாணவர்கள் பதறுகிறார்கள். விரிவுரைகள் ஓடிக்கொண்டிருக்க, தாங்கள் மட்டும் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள். ஆயினும், மூலத்தை வாசிக்காமல் விளக்கவுரையில் இறங்கிய மாணவர் ஆண்டு முழுவதும் பிறர் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும் என்பதால், இந்த யோசனையை நான் ஒருபோதும் தளர்த்துவதில்லை.

1. நாள்தோறும் சுமார் பத்து ஷரத்துகளை வாய்விட்டு வாசியுங்கள். பீடிகையிலும் முதல் நான்கு ஷரத்துகளிலும் தொடங்கி, ஜனாதிபதியைப் பற்றிய 5 முதல் 19 வரை, அரசாங்கத்தைப் பற்றிய 20 முதல் 23 வரை, பார்லிமெண்டைப் பற்றிய 24 முதல் 33 வரை, இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி 34இல் தொடங்கும் நீண்ட பகுதி, சாசன மன்றத்தைப் பற்றிய 56 முதல் 63 வரை, கடைசியாகத் திருத்தத்தைப் பற்றிய 89 என்ற கிரமத்தில் செல்லுங்கள். பார்லிமெண்டுக்கு முன்பாக ஜனாதிபதி நிற்கிறார் என்பதே ஒரு பாடம்; 1946ஆம் ஆண்டுச் சாசனத்தில் வரிசை இதற்கு நேர்மாறாக இருந்தது.

2. வினைச்சொற்களின் கீழே கோடிடுங்கள். பிரெஞ்சுச் சட்ட நடையில் கட்டளை பெரும்பாலும் சாதாரண நிகழ்காலத்திலேயே வருகிறது. "செய்யலாம்" என்ற பொருள்படும் 'பே' என்ற வினை வரும் இடத்தில்தான் விருப்ப அதிகாரம் வெளிப்படையாக இருக்கிறது. இதை அறியாதவர், ஜனாதிபதி அவசரச் சட்டங்களில் "கையொப்பமிடுகிறார்" என்னும் 13ஆவது ஷரத்தைக் கண்டு, அது வெறும் வர்ணனை என்று கடந்து போவார். அது கடமையா, விருப்பமா என்பதைப் பற்றியே 1986 ஜூலையில் பெரும் பிணக்கு எழுந்தது: ஜனாதிபதி மித்தெரான், தமக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த பிரதம மந்திரி ஷிராக் தயாரித்த அவசரச் சட்டமொன்றில் கையெழுத்திட மறுத்துவிட, ஷிராக் அதைச் சாதாரண மசோதாவாகப் பார்லிமெண்டில் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே வினைச்சொல்லில் இத்தனை அரசியல் அடங்கியிருந்தது.

3. ஒவ்வொரு ஷரத்தின் அருகிலும், அது இப்போதைய வடிவத்தை எந்த ஆண்டில் பெற்றது என்று எழுதுங்கள். லெஜிஃப்ரான்ஸில் ஒவ்வொரு ஷரத்துக்கும் அதன் பழைய வடிவங்கள் உள்ளன.

4. ஒன்றையொன்று பற்றிப் பேசும் ஷரத்துகளை அம்புக்குறியால் இணையுங்கள். 5ஐ 20ஓடும், 34ஐ 37ஓடும், 54ஐ 55ஓடும், 11ஐ 89ஓடும் இணைத்தாலே ஆண்டு முழுவதும் வரப்போகும் விவாதங்களில் முக்கால் பங்கு உங்கள் பக்கத்திலேயே வரைபடமாக நிற்கும்.

யோசனை: தேதியில்லாமல் எந்த வாக்கியத்தையும் நோட்டில் எழுதாதீர்கள். "ஜனாதிபதி நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்" என்பது 1962க்குப் பின்னரே உண்மை. "ஐந்தாண்டுப் பதவிக்காலம்" என்பது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே உண்மை. "பிரஜை ஒருவர் தம் வழக்கின் நடுவே ஒரு சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்கலாம்" என்பது 2010 மார்ச் 1 முதலே உண்மை.

மயக்கும் சொற்கள்

மொழி தெரியாததைக் காட்டிலும், தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே அதிக அபாயமானது.

'ழுரிஸ்ப்ருதான்ஸ்' என்றால் நாம் முதலாண்டில் படித்த சட்டத் தத்துவ சாஸ்திரம் அன்று. நியாயஸ்தலங்களின் தீர்ப்புத் தொகுதி. 'தொக்த்ரீன்' என்பது ஒரு கோட்பாட்டைக் குறிப்பதன்று; சட்டப் பேராசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சி முழுவதற்கும் பொதுப் பெயர். 'மஜிஸ்த்ரா' என்ற சொல்லுக்குள் நீதிபதியும் அரசாங்கத் தரப்பு வழக்குத் தொடுப்பவரும் இருவருமே அடக்கம்.

எல்லாவற்றிலும் மோசமாக நம்மை ஏமாற்றுவது, மேலே அவசரச் சட்டம் என்று நான் எழுதிய 'ஒர்தொனான்ஸ்'. இந்திய மாணவர் இதைக் கண்டதும் நம் சாசனத்தின் 123ஆவது ஷரத்தை நினைத்துக்கொள்கிறார். பார்லிமெண்ட் கூடாத வேளையில் ராஷ்டிரபதி பிறப்பிப்பது, சபை மீண்டும் கூடி ஆறு வாரத்தில் காலாவதியாவது என்ற உருவம் மனத்தில் எழுகிறது. பிரான்ஸின் 38ஆவது ஷரத்தில் உள்ளது அதுவன்று. அங்கே அரசாங்கம் முதலில் பார்லிமெண்டிடம் சென்று, இன்ன விஷயத்தில் இன்ன காலம் வரையில் சட்டம் இயற்ற அனுமதி தாருங்கள் என்று கேட்டு, அதிகாரமளிக்கும் சட்டமொன்றைப் பெற்ற பிறகே அதைப் பிறப்பிக்கிறது. அந்தச் சட்டம் குறித்த தேதிக்குள் அங்கீகார மசோதாவைச் சபையின் முன் வைக்காவிட்டால் அது வீழ்ந்துபோகும். சபை கூடியிருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே அன்று. ஒரே பெயரின் பின்னால் இரண்டு வெவ்வேறு கருவிகள் இருப்பதைக் காட்டிலும் நல்ல எச்சரிக்கை உங்களுக்கு வேண்டியதில்லை.

இதன் அருகிலேயே 34ஐயும் 37ஐயும் வாசித்துவிடுங்கள். பார்லிமெண்ட் சட்டமியற்றக்கூடிய விஷயங்களை 34 எண்ணிச் சொல்லுகிறது. எஞ்சியவை எல்லாம் நிர்வாகத்தின் விதிகளுக்கு உரியவை என்கிறது 37. நம் ஊரில் விதி என்பது சட்டத்தின் குழந்தை. அங்கே சாசனத்திலிருந்தே நேராகப் பிறந்த விதிகளும் உண்டு.

எழுத்தும் வழக்கமும்

20ஆவது ஷரத்தை வாசித்தால், தேசத்தின் கொள்கையை நிர்ணயித்து நடத்துவது அரசாங்கம் என்றுதான் இருக்கிறது. 5ஆவதில் ஜனாதிபதி மத்தியஸ்தராகவே வர்ணிக்கப்படுகிறார். ஆயினும் ஜனாதிபதியின் எலிசே மாளிகையே கொள்கையை நிர்ணயிக்கும் காட்சியைப் பல ஆண்டுகளாக உலகம் பார்த்து வந்திருக்கிறது. இந்த முரணை விளக்க முடியாமல் மாணவர்கள் இரண்டில் ஒன்றைப் பொய் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், உங்கள் நோட்டின் மூன்றாவது பத்தியில் காலத்தை எழுதிப் பாருங்கள்: ஜனாதிபதிக்குத் தேசிய சபையில் பெரும்பான்மை இருந்த காலங்களில் 20ஆவது ஷரத்து உறங்குகிறது; எதிர்க்கட்சிப் பெரும்பான்மையோடு அவர் கூடி வாழ நேர்ந்த 1986–88, 1993–95, 1997–2002 ஆகிய மூன்று காலங்களில் அதே ஷரத்து, ஓரெழுத்தும் மாறாமல், விழித்துக்கொள்கிறது.

அதுபோலவே 49ஆவது ஷரத்தையும் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதற் பத்தியில் அரசாங்கம் தானே நம்பிக்கை கேட்கிறது. இரண்டாம் பத்தியில் எதிர்த்தரப்பு கண்டனத் தீர்மானம் கொண்டுவருகிறது. மூன்றாம் பத்தியில் அரசாங்கம் ஒரு மசோதாவின்மேல் தன் பொறுப்பைப் பணயம் வைக்க, 24 மணி நேரத்தில் கண்டனத் தீர்மானம் கொடுக்கப்பட்டு நிறைவேறினாலொழிய மசோதா வாக்கெடுப்பின்றியே நிறைவேறியதாகிறது. 1962 அக்டோபர் 5இல் பொம்பிதூ அரசாங்கம் வீழ்ந்தது இரண்டாம் பத்தியின் வழியாக; 2024 டிசம்பர் 4இல் பார்னியே அரசாங்கம் 331 வாக்குகளால் வீழ்ந்தது மூன்றாம் பத்தியைப் பிரயோகித்ததன் விளைவாக; 2025 செப்டம்பர் 8இல் பைரூ அரசாங்கம் வீழ்ந்தது முதற் பத்தியில். மூன்று வீழ்ச்சி, மூன்று பத்தி. இவற்றை ஒன்றாகக் குழப்பி எழுதிய விடைத்தாள், எவ்வளவு அழகான நடையில் இருந்தாலும், மதிப்பை இழக்கிறது.

ஒரு தீர்ப்பை வாசிக்கும் முறை

இப்போதுதான் தீர்ப்பு. நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பழகிய கண்ணுக்கு, சாசன மன்றத்தின் பழைய முடிவுகள் ஏதோ தந்தி வாசகம்போலத் தோன்றும். மாறுபட்ட அபிப்பிராயம் அங்கே வெளியிடப்படுவதில்லை. எழுதியவர் பெயரும் இல்லை. நியமிக்கப்பட்ட ஒன்பது அங்கத்தினரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஆகவே, விரிவான வாதத்தைத் தீர்ப்பினுள் தேடாமல், தீர்ப்பைச் சுற்றித் தேட வேண்டும்.

1971 ஜூலை 16ஆம் தேதி பிறந்த 71-44 தே.சே. என்ற முடிவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியையும் என்னோடு கூடவே செய்து வாருங்கள்.

1. நடந்ததை எழுதுங்கள். சங்கம் அமைக்கும் உரிமையை 1901 ஜூலை 1ஆம் தேதிய சட்டம் வழங்கியிருந்தது. அறிவிப்புக் கொடுத்தால் ரசீது தரவேண்டியது அதிகாரியின் கடமை. சிமோன் த பொவ்வார் முதலியோர் அமைத்த சங்கமொன்றுக்கு அந்த ரசீது மறுக்கப்பட்டது. பாரிஸ் நிர்வாக நியாயஸ்தலம் 1971 ஜனவரியில் அந்த மறுப்பை ரத்து செய்தது. தோற்ற அரசாங்கம் சட்டத்தையே திருத்த முற்பட்டு, சங்கங்களை முன்கூட்டியே நியாயஸ்தலத்தின் பரிசீலனைக்கு உட்படுத்தும் மசோதாவைப் பார்லிமெண்டில் நிறைவேற்றியது.

2. மன்றத்துக்குக் கொண்டுவந்தவர் யார், எந்த ஷரத்தின் கீழ் என்று குறியுங்கள். இங்கே செனேட்டின் தலைவர் அலென் பொஏர், 61ஆவது ஷரத்தின் கீழ். அக்காலத்தில் இவ்வுரிமை ஜனாதிபதி, பிரதம மந்திரி, இரு சபைத் தலைவர்கள் ஆகிய நால்வருக்கே இருந்தது. அறுபது பிரதிநிதிகளோ அறுபது செனேட்டர்களோ கேட்கலாம் என்பது 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. சட்டம் பிரகடனமாவதற்கு முன்பே பரிசீலனை நடக்கிறது என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். இதில் வாதி, பிரதிவாதி என்று எவரும் இல்லை.

3. கேள்வியை ஒரே வாக்கியத்தில் அமையுங்கள். "சங்க சுதந்திரத்தைப் பற்றிச் சாசனத்தின் ஷரத்துகளில் நேரான சொல் இல்லாதபோது, அதற்கு மாறான சட்டத்தைச் சாசன விரோதமென்று சொல்ல முடியுமா?"

4. ஆதாரத்தைக் கண்டுபிடியுங்கள். தீர்ப்பின் தொடக்கத்தில் "கண்டு" என்ற பொருளில் அடுக்கடுக்காக வரும் வரிகளைத் தாவிச் செல்லாதீர்கள். "சாசனத்தையும், குறிப்பாக அதன் பீடிகையையும் கண்டு" என்ற அந்த ஒரு வரியிலேதான் பூகம்பம் இருக்கிறது. பீடிகை 1789ஐயும் 1946ஐயும் சுட்டுகிறது. 1946ஆம் ஆண்டுப் பீடிகை குடியரசின் சட்டங்களால் அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைத் தத்துவங்களைச் சுட்டுகிறது. அத்தத்துவங்களில் ஒன்றாக 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுதந்திரம் ஏற்கப்படுகிறது. மேலே கைவசம் வைத்துக்கொள்ளச் சொன்ன சிறு ஏடுகள் இதற்காகவே.

5. முடிவையும் அதன் எல்லையையும் எழுதுங்கள். மசோதாவின் 3ஆவது ஷரத்து வீழ்ந்தது. இனிப் பீடிகையும் அது சுட்டும் ஏடுகளும் சட்டங்களை அளக்கும் கோல்களாயின.

6. பின்னால் வந்ததை எழுதுங்கள். 1985 ஆகஸ்டில், சட்டம் சாசனத்துக்கு அடங்கியிருக்கும் வரையில்தான் பொதுச் சித்தத்தின் வெளிப்பாடாகும் என்று மன்றமே சொல்லிற்று. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 61-1 என்ற ஷரத்தைச் சேர்த்து, நடக்கும் வழக்கிலிருந்தே கேள்வி எழுப்பும் வழியைப் பிரஜைக்குத் திறந்தது.

நமக்கு இங்கே ஓர் ஒப்புமை உடனே நினைவுக்கு வருகிறது: பெருபாரி விவகாரத்தில் பீடிகை சாசனத்தின் அங்கமன்று என்று 1960இல் சொன்ன நம் உச்ச நீதிமன்றம், 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் அங்கமே என்று ஏற்றது. இரண்டு தேசங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தம் பீடிகையைக் கண்டுகொண்டன என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம். ஒப்புமையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிப்படை அமைப்புக் கோட்பாட்டைப் பிரான்ஸுக்குள் கொண்டு நுழைந்தீர்களானால் தவறிப்போவீர்கள். 1962 நவம்பர் 6ஆம் தேதி, மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற சட்டத்தைப் பரிசீலிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று விலகிய அந்த மன்றம், 2003 மார்ச் 26ஆம் தேதி, சாசனத் திருத்தத்தைப் பரிசீலிக்கவும் தனக்கு அதிகாரமில்லை என்று விலகியது. குடியரசு வடிவம் திருத்தத்துக்கு அப்பாற்பட்டது என்று 89ஆவது ஷரத்து சொல்லத்தான் சொல்லுகிறது; அந்த வேலியைக் காக்க நீதிபதி ஒருவரும் நிற்கவில்லை.

யோசனை: இக்காலத்து முடிவுகளுக்கு மன்றமே தன் தளத்தில் விளக்கவுரை வெளியிடுகிறது. தீர்ப்பை இருமுறை வாசித்த பின்னரே அதைத் திறங்கள். பழைய முடிவுகளுக்கு, 25 ஆண்டு கழித்துத் திறக்கப்படும் ஆலோசனைக் குறிப்புகள் மாறுபட்ட அபிப்பிராயங்களின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

இரண்டு பகுதிக் கட்டுரை

பிரெஞ்சுச் சட்டக் கட்டுரைக்கு வெண்பாவைப்போல இறுகிய யாப்பு உண்டு: பீடிகை, முதற்பகுதி, அதனுள் இரண்டு உட்பிரிவு, இரண்டாம் பகுதி, அதனுள் இரண்டு உட்பிரிவு. முடிவுரை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. "நான் கருதுகிறேன்" என்ற தன்மை நடை ஆகாது. இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டு மனம் சலிக்க வேண்டாம். உங்கள் கருத்தை வெளியிடும் இடம் வாக்கியத்திலன்று, பிரிவினையிலேயே இருக்கிறது.

"ஐந்தாம் குடியரசில் ஜனாதிபதி அரசாங்கத்தின் தலைவரா?" என்று மூன்று மணி நேரப் பரீட்சையில் கேட்கப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் 20 நிமிஷம்: கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் வரையறுங்கள். "தலைவர்" என்பது எழுத்திலா, வழக்கத்திலா?

2. அடுத்த 50 நிமிஷம்: தெரிந்தவற்றையெல்லாம் ஒரு தாளில் கொட்டி, ஷரத்துகளை முதலில் வட்டமிட்டு, அவற்றைச் சுற்றிப் பிரிவினையை அமையுங்கள். முதற்பகுதி: சாசனம் இரண்டு தலைகளைப் பிரித்து வைக்கிறது, அதில் 5ஆவது ஷரத்தின் மத்தியஸ்தர், பிறகு 20, 21ஆவது ஷரத்துகளின் பிரதம மந்திரி. இரண்டாம் பகுதி: பெரும்பான்மை அத்தலைகளை ஒன்றாக்குகிறது, அதில் 1962, 2000 ஆகிய திருத்தங்களின் விளைவு, பிறகு பெரும்பான்மை விலகியதும் அந்த ஒற்றுமை கலையும் விதம்.

3. 25 நிமிஷம்: பீடிகையை முழுமையாக எழுதுங்கள். அதன் கடைசி வாக்கியம் இரண்டு பகுதிகளையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

4. 75 நிமிஷம்: உடலை எழுதுங்கள். ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு ஷரத்தில் தொடங்கட்டும்.

5. கடைசி 10 நிமிஷம்: தேதிகளையும் ஷரத்து எண்களையும் மட்டும் சரிபாருங்கள்.

"ஜனாதிபதியின் அதிகாரங்கள்", "பிரதம மந்திரியின் அதிகாரங்கள்" என்று பிரித்துவிடுவது மிகச் சாதாரணமான பிழை. அது பட்டியல், விடையன்று. முதற்பகுதி சரித்திரம், இரண்டாம் பகுதி இன்றைய நிலை என்று பிரிப்பதும் அநேகமாக அப்படியே. உங்கள் தலைப்புகளை மட்டும் வாசிக்கும் ஒருவருக்கு உங்கள் விடை தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லையானால், நேரம் எவ்வளவு கடந்திருந்தாலும் பிரிவினையை மாற்றிவிடுங்கள்.

கவனமாயிருக்க வேண்டிய இடங்கள்

இயந்திர மொழிபெயர்ப்பை ஷரத்தின்மேல் பிரயோகிக்காதீர்கள். நாம் மேலே கண்ட நிகழ்கால வினைகளையும் மயக்கும் சொற்களையும் அது சமனாக்கிவிடும். பாடநூலின் வாக்கியத்தை மேற்கோள் குறியின்றி எழுதுவது, மனப்பாடத்தின் காரணமாகத் தெரியாமல் நேர்ந்தாலும்கூட, களவாகவே கருதப்படும்; ஒழுங்கு விசாரணைக்கு உள்ளான வெளிநாட்டு மாணவருக்குப் பாஷை குறைவு என்ற சமாதானம் உதவுவதில்லை. எனவே குறிப்பெடுக்கும்போதே பிறர் வாக்கியத்தை வேறு நிற மையில் எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலானால், அட்டையைத் திறந்ததும் பதிப்பாண்டைப் பாருங்கள். 2008க்கு முந்தியதென்றால், பார்லிமெண்டையும் சாசன மன்றத்தையும் பற்றிய அத்தியாயங்களைத் தேர்வுக்கு நம்பாதீர்கள். 49ஆவது ஷரத்தின் மூன்றாம் பத்திகூட அவ்வாண்டில்தான் வரவு செலவு, சமூகப் பாதுகாப்பு நிதி மசோதாக்களுக்கும், ஒரு கூட்டத்தொடருக்கு வேறொரு மசோதாவுக்கும் என்று சுருக்கப்பட்டது.

பயிற்சி

இந்த அத்தியாயத்தின் முறையைத் தமிழ் மாணவர் ஒருவர் தம் மண்ணின்மேலேயே சோதித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமில்லாமல் எந்தப் பிரதேசத்தையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று 53ஆவது ஷரத்தின் கடைசிப் பத்தி கூறுகிறது. 1946ஆம் ஆண்டுச் சாசனத்தின் 27ஆவது ஷரத்திலும் இது இருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரியை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும், 1962 ஆகஸ்ட் 16 வரையில் சட்டப்படியான மாற்றம் நிகழவில்லை.

1. இரண்டு ஷரத்துகளையும் பிரெஞ்சு மூலத்தில் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

2. மேற்கண்ட தேதிகளை இரண்டாம் பத்தியில் இட்டு, எந்தத் தேதியில் எந்தச் சாசனம் அமலில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள்.

3. கொமோரோத் தீவுகளைப் பற்றி 1975 டிசம்பர் 30ஆம் தேதி சாசன மன்றம் அளித்த 75-59 தே.சே. என்ற முடிவை, மேலே சொன்ன ஆறு படிகளில் வாசியுங்கள்.

4. பின்பு, பிரதிநிதிகளின் வாக்கு மக்களின் சம்மதமாகுமா என்ற கேள்விக்கு, இரண்டு பகுதியும் நான்கு உட்பிரிவும் கொண்ட ஒரு பிரிவினையை ஒரே தாளில், தலைப்புகள் மட்டுமாக, 50 நிமிஷத்துக்குள் அமையுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் அது ஊன்றி நிற்கும் ஷரத்தின் எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத தலைப்பை அடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.